கோட்டோவியத்தில் மகளிர் ஆடை: மணியத்தின் சோழநாட்டு மகளிர் படங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், பிரிந்த தலைவனை நினைந்து வட்டக் கட்டிலின்மேல் இருக்கும் அரசியை நக்கீரர் காட்டும் முறை, ஓவியக் கலையை ஆராய்வார் அனைவரும் ஊன்றி நோக்கத்தக்கது. முத்தாரம் தவழ்ந்த மார்பில் மங்கலத் தாலி ஒன்றே எஞ்சியுள்ளது. பொன்வளை அணிந்த முன்கையில் சங்கு வளையும் காப்பு நாணும் உள்ளன. பூத்தொழில் நிறைந்த துகில் உடுத்த இடையில் மாசேறிய நூற்கலிங்கம் காணப்படுகிறது. இவ்வாறு அணியையும் ஆடையையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கூறிய புலவர், இறுதியில் அவளுக்கு உவமையாகக் கூறியது வண்ணம் தீட்டப்பெறாத ஓவியத்தை. வண்ணங்கொண்டு எழுதாது வடிவை மட்டும் கோட்டினால் வரைந்த சித்திரமே அஃது என உரையாளர் விளக்குவர்.

இவ்வுவமையினின்று இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. கோடு மட்டும் கொண்ட ஓவியம் தமிழர்க்குப் பழங்காலத்திலேயே தெரிந்த ஒன்று என்பது முதற்செய்தி. ஒரு பெண்ணின் ஆடை மாறுதல் அவள் அகநிலை மாறுதலைக் காட்டும் என்பதும், அம்மாறுதலைக் காட்ட வண்ணமற்ற கோடே போதும் என்பதும் இரண்டாவது செய்தி. 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தமிழ்க் கிழமை இதழ்களில் வெளிவந்த கதைப்படங்களை மதிப்பிடுவதற்கு இவ்விரண்டும் அளவுகோலாகக் கூடும். அக்காலக் கதைப்படங்களுள் மிகுதியும் பேசப்படுவன, கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ புதினத்திற்கு மணியம் (1924–1968) வரைந்தவையாம். அவற்றுள் மகளிர் ஆடையும் ஒப்பனையும் அமைந்த திறத்தையும், அவை இன்று பெற்றுள்ள சான்றுத் தகுதி எத்துணைப் பொருந்தும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆடைப்பாங்கு வரைபடமும் கதைப்படமும்

மணியம் வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மேலைநாட்டில் ‘பேஷன்’ வரைபடம் எனப்படும் ஆடைப்பாங்கு ஓவியம் தன் உச்சநிலையில் இருந்தது. 1947-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாரிசு நகரில் கிறித்தியன் தியோர் என்பார் ‘புதிய தோற்றம்’ எனப் பின்னர்ப் பெயர் பெற்ற ஆடை வரிசையை வெளியிட்டார். போர்க்காலத் துணிப் பற்றாக்குறைக்குப் பின் வந்த அவ்வாடை, சிறுத்த இடையும் மிகுந்த துணியால் விரிந்த பாவாடையும் உடையது. அதனை உலகறியச் செய்தவற்றுள் ரெனே குருவோ (1909–2004) என்பாரின் தூரிகைக் கோடுகளும் சிறப்பான இடம் பெற்றன. தடித்த கருங்கோடு ஒன்று தோளிற் தொடங்கி இடையில் மெலிந்து பாவாடையில் விரியும்; முகம் இரண்டு மூன்று கோடுகளில் முடிந்துவிடும்.

இவ்வகை ஓவியத்தின் இலக்கணம் எளியது. அதில் ஆடையே கருப்பொருள். பெண் அதனைத் தாங்கும் கொம்பு. ஆகவே உடல் இயற்கையளவினும் நீண்டு அமையும். இயல்பான மாந்தர் உடல் ஏறத்தாழ ஏழரைத் தலையளவு உயரமுடையதாயின், ஆடைப்பாங்கு வரைபடத்தில் அஃது ஒன்பது தலையளவாக நீட்டப்பெறும். நம் சிற்பநூல்கள் கூறும் நவதாளம் என்பதனோடு இதனை ஒன்றெனக் கொள்வார் உளர். அது பொருந்தாது. தாளம் என்பது முகத்தின் அளவு. உச்சி முதல் மோவாய் வரையுள்ள தலையளவினும் குறைந்தது. எனவே ஒன்பது தாளமும் ஒன்பது தலையும் ஒரே உயரத்தைக் குறிப்பன அல்ல. மேலைநாட்டு வரைபடத்தின் நீட்சி விற்பனை நோக்கத்தாற் பிறந்தது. சிற்பநூலின் தாள வேறுபாடு தெய்வம், மாந்தர், பூதம் என்னும் தகுதி வேறுபாட்டால் அமைந்தது.

கதைப்படத்தின் நோக்கமோ வேறு. அதில் பெண் ஒரு பாத்திரம். அவள் இன்னார் மகள், இன்ன நிலையினள், இவ்வாரத்தில் இன்ன உணர்வினள் என்பன படத்தைக் கண்ட அளவில் விளங்கவேண்டும். ஆடை அதற்குத் துணைபுரியும் மொழியாகும். ஆயினும் இரண்டு வகைக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இரண்டும் காண்பவர் மனத்தில் ஒரு விழைவை எழுப்புகின்றன. பாரிசு வரைபடம் நாளை உடுத்தவேண்டிய ஆடைக்கு விழைவை எழுப்புகிறது. மணியத்தின் படம் முன்னாளில் உடுத்திருந்ததாக நாம் எண்ண விரும்பும் ஆடைக்கு விழைவை எழுப்புகிறது. இவ்விழைவே பின்னர் வரலாற்று உணர்வாகவும் மாறிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காட்டப்படும்.

2. அச்சுமுறையும் கோடும்

கதைப்படத்தை மதிப்பிடுங்கால் அது அச்சேறிய முறையை மறத்தல் கூடாது. அக்காலக் கிழமை இதழ்களில் கோட்டோவியம் ‘லைன் பிளாக்’ எனும் துத்தநாகத் தகட்டின் வழியே அச்சாயிற்று. ஓவியத்தை ஒளிப்படமாகத் தகட்டில் இறக்கி, கோடற்ற இடங்களை அமிலத்தால் அரித்து நீக்கினால், கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். மேடான இடமே மை ஏற்கும். ஆகவே இம்முறையில் கருமை உண்டு, வெண்மை உண்டு. இடைப்பட்ட சாம்பல் நிறம் இல்லை. சாம்பல் நிறம் வேண்டுமாயின், கோடுகளை நெருக்கி அடுக்கியோ புள்ளிகளை இட்டோ அதனைத் தோற்றுவித்தல் வேண்டும். நிழல்தரும் ‘ஆப்டோன்’ முறை வழக்கிலிருந்ததெனினும், தரங்குறைந்த செய்தித்தாளில் அதன் நுண்புள்ளிகள் கலங்கிவிடும். கோடு மட்டுமே மலிவான தாளிலும் தெளிவாக நின்றது.

இவ்வரையறை மகளிர் ஆடையை வரைவார்க்குப் பெரிய இடர். தமிழிலக்கியம் போற்றும் ஆடை நுண்மையாற் சிறந்தது. இழை சென்ற வழியைக் கண்ணால் தொடர இயலாத துகில் என்றும், பாம்பின் உரியை ஒத்த அறுவை என்றும் பொருநராற்றுப்படை முதலியன கூறும். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் கோசிகம், பீதகம், நுண்டுகில், சித்திரக்கம்மி, தேவாங்கு, பொன்னெழுத்து எனத் துகில் வகையை நீளப் பட்டியலிடுவர். இவ்வகைகள் வண்ணத்தாலும் நெசவாலும் தம்முள் வேறுபடுவன. கருப்பும் வெள்ளையும் மட்டும் உடைய தகட்டில் அவ்வேறுபாட்டை எங்ஙனம் காட்டுவது?

மணியம் கண்ட தீர்வு மூன்று கூறுகளை உடையது. உடலின் புறவரையை ஆடைக்குள்ளும் அறாது தொடரவிடுதல் முதலாவது. இதனால் துணியின் மென்மை புலப்படும். மடிப்புக் கோடுகள் இடையின் முடிச்சை நோக்கி ஒருங்கு குவிதல் இரண்டாவது. இதனால் துணியின் எடையும் வீழ்ச்சியும் புலப்படும். கரையை மட்டும் நெருங்கிய பூவேலையால் நிரப்பி ஆடையின் உட்பரப்பை வெறுமையாக விடுதல் மூன்றாவது. இதனால் ஆடையின் விலையும் அணிந்தவள் நிலையும் புலப்படும். இம்மூன்றும் இந்தியச் சுவரோவிய மரபினின்று வந்தன என்பதை அவற்றைக் கண்டார் உணர்வர். கல்கி தம் வரலாற்றுப் புதினங்களுக்காக மேற்கொண்ட பயணங்களில் மணியமும் உடன்சென்று அசந்தா முதலிய இடங்களைக் கண்டவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. வெறுமையாக விடப்பெற்ற வெண்பரப்பே துணியின் வண்ணமாகத் தோன்றுமாறு செய்தமையில் அவர் திறம் விளங்குகிறது.

3. குந்தவையும் நந்தினியும்: சொல் விட்டதும் கோடு கொண்டதும்

பொன்னியின் செல்வனில் குந்தவை, நந்தினி ஆகிய இருவரின் அழகையும் ஆசிரியர் ஓரிடத்தில் நேருக்கு நேர் நிறுத்தி வேறுபடுத்துகிறார். அவ்வேறுபாட்டில் மேனி நிறம், முகவடிவு, கூந்தல் ஒப்பனை ஆகிய மூன்றும் சிறப்பிடம் பெறுகின்றன. நந்தினி பொன்னிறத்தவள், வட்ட முகத்தினள், ஆண்டாளைப் போன்று கொண்டையிட்டவள். குந்தவை செந்தாமரை நிறத்தவள், நீண்ட முகத்தினள், மணிமுடி சூட்டியது போன்று உயர்ந்த கூந்தல் உடையவள்.

இவற்றுள் நிறவேறுபாட்டைக் கோட்டோவியம் காட்ட இயலாது. அச்சுமுறை அதனை முதலிலேயே விலக்கிவிட்டது. முகவடிவை ஓரளவு காட்டலாம். ஆயினும் பக்கம் திரும்பிய முகத்திலும் தொலைவிலிருந்து காணும் உருவத்திலும் அவ்வேறுபாடு மங்கிவிடும். எஞ்சியது கூந்தல் ஒன்றே. எனவே ஆசிரியர் மூன்று தூண்களின்மேல் நிறுத்திய வேறுபாட்டை ஓவியர் ஒரு தூணின்மேல் நிறுத்தவேண்டியதாயிற்று. ஆண்டாள் கொண்டை ஒருபுறம் சாய்ந்தது. குந்தவையின் கொண்டை நேரே உயர்ந்தது. ஒன்று சாய்கோடு, மற்றொன்று செங்கோடு. எவ்வளவு சிறிய படமாயினும், எப்பக்கம் திரும்பிய முகமாயினும் இவ்விரண்டையும் படிப்பவர் மாறுபடக் கொள்ளார்.

இத்தேர்வின் பயன் அடையாளங் காட்டுதலோடு நின்றுவிடவில்லை. நந்தினி வைணவர் குடியில் வளர்ப்பு மகளாக வளர்ந்தவள். பெரியாழ்வார் வளர்த்த கோதையின் கொண்டையை அவள் இட்டிருத்தல் அவள் பிறப்பு மறைவையும் வளர்ந்த சூழலையும் ஒருங்கே நினைவூட்டும். பழுவூர் மாளிகையில் பேரரசுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்யும்பொழுதும் அக்கொண்டை மாறுவதில்லை. வாரந்தோறும் அதனைக் காணும் வாசகர், அவள் வஞ்சினத்திற்குப் பின்னே வேறொரு வாழ்வு இருந்தது என்பதை ஒவ்வொரு முறையும் நினைவுகொள்வர். ஆசிரியர் ஒருகால் சொல்லிச் சென்றதை ஓவியர் பலகால் சொல்லுகிறார். மூலத்தில் ஓரிடத்துக் கூறிய குறிப்பை எடுத்துப் பிற இடங்களிலும் பொருத்திப் பொருள் விரிக்கும் உரையாசிரியர் செயலை இஃது ஒத்திருக்கிறது. கதைப்படம் மூலத்திற்கு அமைந்த ஓர் உரை எனக் கூறுவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

4. கச்சு பற்றிய வினா

உரை எனக் கொண்டால், உரைக்குரிய சோதனைக்கும் அதனை உட்படுத்தல் வேண்டும். மூலத்தோடும் பிற சான்றுகளோடும் உரை முரணுகின்ற இடங்களைக் காட்டுவது திறனாய்வாளர் கடன்.

மணியத்தின் சோழநாட்டு மகளிர் இடையில் கொசுவம் வைத்த ஆடையும், மார்பில் கச்சும், தோளில் மெல்லிய மேலாடையும் உடையவராகப் பெரும்பாலும் தோன்றுகின்றனர். 10-ஆம் நூற்றாண்டுச் சோழநாட்டு மகளிர் இங்ஙனமே உடுத்தினரா என்னும் வினாவிற்குக் கல்வெட்டுகள் நேரே விடை தருவதில்லை. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் குந்தவையாரும் பிறரும் அளித்த அணிகலன்களைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடையிட்டும் முத்துகளை வகையிட்டு எண்ணியும் உரைக்கின்றன. ஏகாவல்லி, திருப்பட்டிகை, திருக்கைக்காறை, பாதசாயலம் முதலிய பெயர்கள் அவற்றால் தெரியவருகின்றன. ஆனால் பொன் எடையிடத்தக்கது. துணி அத்தகையது அன்று. எனவே அணிகளைப் பற்றி நாம் அறிந்த அளவு ஆடையைப் பற்றி அறிய இயலவில்லை.

செப்புத் திருமேனிகள் ஓரளவு துணைசெய்யும. சோழர் காலத் தேவியர் திருமேனிகளில் இடையாடை உடலோடு ஒட்டி அமைந்து, செதுக்கிய கோடுகளாலும் பூவேலையாலும் மட்டும் புலப்படும். உமையம்மையின் மார்பிற் பெரும்பாலும் கச்சு இல்லை. திருமாலின் இருமருங்கும் நிற்கும் தேவியருள் திருமகளுக்குக் கச்சு உண்டு, நிலமகளுக்கு இல்லை. இருவரையும் வேறு பிரித்தறிவதற்குச் சிற்பியர் கொண்ட அடையாளம் அது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எசு. கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரியகோயிலின் திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் படலத்தின் அடியில் கண்டறிந்த சோழர் கால ஓவியங்களிலும், ஆடல்மகளிரின் மேனி அணிகளாலேயே மிகுதியும் அலங்கரிக்கப்பெற்றுள்ளது. துணி மெல்லிய கோடாகவே அமைகிறது.

இச்சான்றுகளை நோக்கும்பொழுது, சிற்ப மரபில் வேறுபாட்டைக் காட்டும் அடையாளமாயிருந்த கச்சினை மணியம் அனைவர்க்கும் உரிய பொதுவுடையாக ஆக்கினார் என்பது தெளிவாகும். காரணமும் வெளிப்படை. கல்கி குடும்பத்தார் அனைவரும் ஒருங்கிருந்து படித்த இதழ். 1950-களின் நாணவுணர்வு 10-ஆம் நூற்றாண்டின் மகளிர்க்குக் கச்சு அணிவித்தது. இதனைப் பிழை எனக் கூறுதல் எளிது. அவ்வாறு கூறுமுன் வேறொன்றையும் எண்ணல் வேண்டும்.

செப்புத் திருமேனியும் சுவரோவியமும் அன்றாட வாழ்வின் நேர்ப்பதிவுகளா? அல்ல. வாசிங்டன் பிரீர் கலைக்கூடத்தில் உள்ள புகழ்பெற்ற சோழச் செப்புத் திருமேனி ஒன்றைச் செம்பியன் மாதேவியின் உருவம் என அறிஞர் பலர் கருதுவர். கண்டராதித்தர் மறைந்தபின் நெடுங்காலம் கைம்மை வாழ்வு வாழ்ந்து, கோயிற்பணியே வாழ்வாகக் கொண்டவர் அவ்வரசியார். ஆனால் அத்திருமேனி நிறைந்த அணிகளோடு உமையின் சாயலில் நிற்கிறது. அவ்வுருவம் அவரே எனக் கொண்டால், அவர் உண்மையில் உடுத்த உடையை அது காட்டுவதாகக் கொள்ள இடமில்லை. பெண்மையின் ஒரு நிறைவடிவத்தைக் காட்டுதலே அதன் நோக்கம். அவ்வகையில் அதுவும் ஓர் இலக்கிய உருவமே. மணியத்தின் கற்பனையைச் சோதிக்க நாம் கொணரும் சான்றும் மற்றொரு காலத்தின் கற்பனையாகவே முடிகிறது. ஆதலின் “மணியம் தவறினார், சிற்பி சரியாகக் காட்டினான்” என்னும் முடிவு பொருந்தாது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய நிறைவடிவத்தைத் தன் கருவிகொண்டு சமைக்கிறது என்பதே பொருந்தும்.

5. முதுகுன்றத்துச் சான்று

இக்கருத்தை ஒரு வட்டாரத்தின் சான்றுகொண்டு உறுதிப்படுத்தலாம். திருமுதுகுன்றம் எனத் தேவாரம் போற்றும் விருத்தாசலம் நடுநாட்டின் பழம்பதி. திட்டக்குடி வட்டத்து மங்களூர் முதலாகக் கடலூர் மாவட்டத்தின் மேற்கிலுள்ள ஊர்கள் பலவற்றிற்கும் அணித்தான நகர். அங்குள்ள விருத்தகிரீசுவரர் திருக்கோயில் 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்பியன் மாதேவியாரின் திருப்பணி பெற்றது. பொன்னியின் செல்வனில் ஒரு பாத்திரமாக வரும் அரசியாரின் கைவண்ணத்தைக் கல்லிற் காணத்தக்க இடங்களுள் இஃது ஒன்று.

அக்கோயிலின் கோபுர வாயிற் சுவர்களில் பிற்காலத்துக் கரணச் சிற்பங்கள் உள்ளன. தில்லை, திருவண்ணாமலை முதலிய தலங்களிலும் இத்தகைய வரிசை உண்டு. கரணச் சிற்பத்தின் நோக்கம் ஆடலின் நிலையைக் காட்டுதல். கால் எங்கு வளைகிறது, முழங்கால் எவ்வளவு மடிகிறது, இடை எப்பக்கம் சாய்கிறது என்பன ஐயமறத் தெரிதல் வேண்டும். ஆடை பரந்து தொங்கின் இவை மறையும். ஆகவே ஆடை உடலோடு ஒட்டிச் சுருங்குகிறது. இங்கு ஆடையின் வடிவை வகுப்பது நாட்டியத்தின் தேவை.

அதே விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலால் அறியப்படுவது. பீங்கான் பொம்மை செய்யும் முறை, ஆடை பற்றிய வேறொரு பாடத்தை நமக்குத் தருகிறது. சுண்ணச்சாந்து அச்சினுள் கூழாக்கிய களிமண்ணை ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் தோலாகப் படியும். மிகுதியை வடித்துவிட்டு அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுப்பர். ஆழ்ந்து உட்குடைந்த மடிப்பு இருப்பின் அச்சு பிரியாது. பிரிந்தாலும் மண் கிழியும். எனவே பெண்பொம்மையின் கொசுவம் ஆழமற்ற அலைகளாகவே அமையும். கரையும் பூவும் பின்னர்த் தூரிகையால் இடப்பெறும். அங்கு ஆடையின் வடிவை வகுப்பது அச்சின் தேவை.

கல்லில் நாட்டியம், களிமண்ணில் அச்சு, இதழில் துத்தநாகத் தகடு என ஒவ்வொன்றும் தன் நோக்கத்திற்கும் கருவிக்கும் ஏற்ற ஆடையைப் பெண்ணுக்கு உடுத்துகிறது. இம்மூன்றனுள் எதனையும் அக்கால மகளிர் உடையின் நேர்ச்சான்றாகக் கொள்ளுமுன், நோக்கத்தாலும் கருவியாலும் வந்த மாறுதலைக் கழித்துக் காணல் வேண்டும். கழித்தபின் எஞ்சுவதே வரலாறு. அது பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும்.

6. சில்பியும் கோபுலுவும்

மணியத்தின் முறை அவர் காலத்து ஒரே முறை அன்று. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் வரிசையில் கோயிற் சிற்பங்களை வரைந்த சில்பி (1919–1983), சிற்பத்தின் முன் இருந்து அதன் ஆடையையும் அணியையும் உள்ளவாறே தாளிற் கொணர்ந்தார். அவர் ஓவியத்தில் கச்சு இருப்பின் அது சிற்பத்தில் உள்ளது. இல்லையேல் சிற்பத்திலும் இல்லை. அவர் பதிப்பாசிரியரை ஒத்தவர். ஏட்டில் உள்ளதைப் பிறழாது தருதலே அவர் அறம்.

கோபுலு (1924–2015) மற்றொரு துருவம். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ புதினத்திற்கு அவர் வரைந்த மோகனா, கண்ணாற் கண்ட தஞ்சை வட்டாரத்து வாழ்விலிருந்து பிறந்தவள். புடைவைக் கட்டும் நெற்றிச் சுட்டியும் சடைநாகமும் அக்காலத்து வாசகர் பலர் நேரிற் கண்டவை. அதனால் அங்கு ஆடை ஆராய்ச்சிக்கு உரியதாக நில்லாமல் பழக்கத்தின் இனிமையாக நிற்கிறது. கோபுலு தம் காலத்தைப் பாடும் புலவரை ஒத்தவர்.

இவ்விருவர்க்கும் இடையே மணியம் நிற்கிறார். சில்பிக்குக் கல் முன்னே இருந்தது. கோபுலுவுக்கு வாழ்வு முன்னே இருந்தது. மணியத்திற்கு முன்னே இருந்தது ஒரு புதினத்தின் சொற்கள் மட்டுமே. கல்லிலிருந்து கொண்டையையும் அணியையும், சுவரோவியத்திலிருந்து கோட்டையும், தம் காலத்து நாணத்திலிருந்து கச்சையும், தம் காலத்துப் புடைவையிலிருந்து துணியின் வீழ்ச்சியையும் எடுத்து அவர் ஓர் உடையை இயற்றினார். அவ்வுடை எக்காலத்திலும் எவராலும் உடுக்கப்பெறாதது. ஆயினும் தமிழர் பலர் அதனைச் சோழர் காலத்து உடை என நம்புமாறு செய்தது. ஓவியர் ஒருவர்க்கு இதனினும் பெரிய வெற்றி இல்லை.

அவ்வெற்றியிலும் ஒரு குறை உண்டு. அரசிளங்குமரி, சிற்றரசன் மனைவி, ஓடம் செலுத்தும் பூங்குழலி, பணிப்பெண் ஆகியோர் நிலையால் பெரிதும் வேறுபட்டவர். அவ்வேறுபாடு அணிகளின் தொகையிலும் கரையின் அடர்த்தியிலும் காட்டப்பெற்ற அளவு, உடுக்கும் முறையிற் காட்டப்பெறவில்லை. அனைவர் உடலும் ஒரே ஒயிலும் மென்மையும் உடையன. உழைக்கும் பெண்ணின் தோளும் கையும் அரசியின் தோளினின்று மாறுபடவேண்டும் என்னும் நோக்கு அங்கு வலுவாக இல்லை. மாதவி கடலாடப் புறப்படும்பொழுது இளங்கோவடிகள் அவள் இடைக்கு முப்பத்திரண்டு கோவை கொண்ட முத்தணியைக் கூறுவர். எண்கோவை காஞ்சி, எழுகோவை மேகலை, பதினாறு கோவை கலாபம், பதினெட்டு கோவை பருமம், முப்பத்திரண்டு கோவை விரிசிகை என உரையாளர் வகுப்பர். கோவையின் எண்ணிக்கையாலேயே பெயரும் தகுதியும் மாறும் அந்நுட்பத்தோடு ஒப்பிட, கதைப்படங்களின் இடையணி பொதுமையிலேயே நின்றுவிடுகிறது. இங்கு மணியம் பாரிசு வரைபடக்காரர்க்கு ஒருவகையில் உறவினர் ஆகிவிடுகிறார். நிறைவடிவம் என்னும் ஒன்று வந்து, தனித்தனிப் பெண்களை விழுங்கிவிடுகிறது.

7. உரை மூலமானமை

இவ்வோவியங்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதையும் காண்பாம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பெற்றபின் பதிப்பகங்கள் பல பொன்னியின் செல்வனை வெளியிட்டுள்ளன. அவற்றுட் பல மணியத்தின் படங்கள் இன்றியே வந்தவை. கல்கி இதழின் அச்சுப் பதிப்பும் 2020-இல் நின்றது. ஆதலின் படங்களை அவை முதலில் அமைந்த பக்கத்தில், அவ்வாரத்துக் கதைப்பகுதியோடு சேர்த்துக் காண விழைவோர் பழைய இதழ்த் தொகுப்புகளையே நாடவேண்டியுள்ளது.

மறுபுறம், படங்களின் செல்வாக்கோ குறையவில்லை. மணிரத்தினத்தின் இயக்கத்தில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இருபகுதிகளாக வெளிவந்த திரைப்படத்தில் குந்தவை, நந்தினி ஆகியோரின் கூந்தல் ஒப்பனையைக் கண்டோர், அவர்களைப் பெயர் கேளாமலே அறிந்தனர். கல்கி சொல்லால் அமைத்து, மணியம் கோட்டால் நிலைநாட்டிய வேறுபாடு ஏழு பத்தாண்டுகள் கடந்தும் அழியாமையே இதற்குக் காரணம். மேடை நாடகம், நாட்காட்டி, பாடநூற் படம் ஆகியவற்றிலும் சோழ மகளிர் என்றவுடன் எழும் உருவம் அம்மரபினதே.

இதன் விளைவு ஆராய்ச்சித் துறைக்கு வெளியே நின்றுவிடின் கவலை இல்லை. ஆனால் பழந்தமிழர் ஆடை பற்றி ஆராயப் புகும் மாணவர், இலக்கியத்தில் துகில் என்னும் சொல்லைக் கண்டவுடன் மனத்தில் இவ்வோவியங்களையே விரித்து, அதற்கேற்பச் செய்யுளுக்குப் பொருள் காணும் இடர்ப்பாடு உண்டு. வம்பு என்னும் சொல்லுக்குக் கச்சு எனப் பொருள் காண்பது முறையே. அச்சொல் வந்த ஓரிடத்தைக் கொண்டு எல்லாக் காலத்து எல்லா மகளிரும் கச்சணிந்தனர் எனத் துணிதல் முறையன்று. அத்துணிவு செய்யுளிலிருந்து வருவதன்று. 1950-களின் ஒரு கிழமை இதழிலிருந்து, நாம் அறியாமலே, வருவது. உரை மூலத்தின் இடத்தைக் கவர்ந்துகொண்ட நிலை இது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. கதைப்படத்தில் மகளிர் ஆடை, பாத்திரத்தின் குடி, நிலை, உணர்வு ஆகியவற்றை விளக்கும் உரையாகும். மணியத்தின் ஓவியங்களில் அவ்வுரை கூந்தல் ஒப்பனையில் மிகுந்த நுட்பமும், உடுக்கும் முறையில் ஓரளவு பொதுமையும் உடையது. அச்சுமுறையின் வரையறையும், குடும்ப இதழின் நாணவுணர்வும், சுவரோவிய மரபின் பயிற்சியும் அதனை வகுத்தன. அதனைச் சோழர் கால உடையின் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழர் தம் பழமையை எங்ஙனம் காண விரும்பினர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தும். அச்சான்றின் மதிப்பும் சிறிதன்று.

ஆதலின் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உரைகளைப் பதிப்பிப்பதில் தமிழ்த் துறைகள் காட்டிய உழைப்பைக் கதைப்படங்களுக்கும் காட்டல் வேண்டும். வெளிவந்த நாள், உடன் அச்சாகிய கதைப்பகுதி, படத்திற்கும் சொல்லுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமை ஆகியவற்றோடு அவற்றைத் தொகுத்து அடைவு செய்தல் வேண்டும். கிழமை இதழ்த் தாள் நெடுநாள் நில்லாது. ஆண்டு செல்லச் செல்லப் பழுப்பேறி நொறுங்குவது. அத்தாள் அழியுமுன் இப்பணி நிறைவேறுமாயின், நக்கீரர் கண்ட வண்ணமற்ற ஓவியம் முதல் துத்தநாகத் தகட்டுக் கோடு வரை தமிழ்ப்பெண்ணின் உருவம் ஆடைகொண்டு எழுதப்பெற்ற வரலாற்றை நாம் முறையாக எழுத இயலும்.